பெருமீன் தொட்டி: அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிப்பது

சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் இரண்டு அங்குல ஆஸ்கார், மூன்று அங்குல சார்க், விரல் நீள வெள்ளி அரோவானா, மீசை முளைத்த ரெட் டெயில் கெளுத்திக் குஞ்சு எல்லாம் அடுத்தடுத்த தொட்டிகளில் ஒரே அளவில்தான் நிற்கும். ஆஸ்கார் முதல் வருடத்தில் மாதத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் ஏறி, 12 அங்குலம் தொட்டுத்தான் நிற்கும். வெள்ளி அரோவானா மூன்றடி வரை போகும். சார்க் என்று விற்பது மீகாங் ஆற்றுக் கெளுத்தி. ஓட்டல்களில் பாசா என்று வரும் துண்டு மீன் பெரும்பாலும் இதுதான். இதுவும் ரெட் டெயிலும் நான்கடி மீன்கள். பிரானா என்று சொல்லிக் கொடுப்பது அநேகமாகப் பாக்கு, அதாவது மீன் மார்க்கெட்டில் எடைபோட்டுத் தரும் ரூப்சந்த்.

நீளம் இரட்டித்தால் எடை எட்டு மடங்காகும். இரண்டு அங்குல மீன் எட்டு அங்குலம் ஆகும்போது எடை 64 மடங்கு. தொட்டி மட்டும் அதே தொட்டி. கீழே வரும் அறிகுறிகளில் முக்கால்வாசி இந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கின்றன. மருந்துப் பாட்டிலைத் தேடுவதற்கு முன் தண்ணீரை அளந்து பாருங்கள்.

முதலில் அளக்க வேண்டியவை

தொட்டியின் கொள்ளளவு தெரியாமல் எந்த மருந்தும் போட முடியாது. நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர் வந்துவிடும். 4 × 1.5 × 1.5 அடித் தொட்டி ஏறக்குறைய 250 லிட்டர். 6 × 2 × 2 அடி 680 லிட்டர்.

சொட்டு மருந்து டெஸ்ட் கிட்டில் அமோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் (தண்ணீரின் புளிப்பு, காரத் தன்மை), கேஎச் (தண்ணீரிலுள்ள கார்பனேட்) ஐந்தையும் பாருங்கள். காகிதப் பட்டை அவசரத்துக்கு மட்டும்தான். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை ஃபில்டரிலுள்ள பாக்டீரியா முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். நைட்ரேட் 40 பிபிஎம்முக்குள் (லிட்டருக்கு 40 மில்லிகிராம்) இருக்க வேண்டும், 20-க்குள் இருந்தால் நல்லது. வெப்பநிலையைத் தெர்மாமீட்டரில் பாருங்கள், கையை விட்டுப் பார்ப்பது கணக்கில்லை.

தீவனத்தை ஒரு நாள் தராசில் எடை போட்டுப் பாருங்கள், இதை யாரும் செய்வதில்லை. 40 சதவீதப் புரதமுள்ள பெல்லட் 10 கிராம் போட்டால் சுமார் 0.37 கிராம் அமோனியா நைட்ரஜன் தண்ணீரில் இறங்கும். 250 லிட்டரில் அது நாளுக்கு 1.5 பிபிஎம். ஃபில்டர் ஒழுங்காக வேலை செய்து அதை முழுக்க நைட்ரேட்டாக மாற்றினால் நாளுக்கு 6.5 பிபிஎம் நைட்ரேட் ஏறும், வாரத்துக்கு 45. வாரம் ஒருமுறை பாதித் தண்ணீர் மாற்றினால் நாளடைவில் மாற்றும் நாளில் 90-ஐத் தொட்டு நிற்கும். வாரத்துக்கு இரண்டு முறை பாதி மாற்றினால் 45 பக்கம் நிற்கும். வளர்ந்த ஓர் ஆஸ்காருக்கே இந்தக் கணக்கு. ஜோடியாக இரண்டு வளர்த்தால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது

முதலில் ஒரு விலக்கு. சார்க் கெளுத்தி அவ்வப்போது மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போகும். அது அதன் இயல்பு. மேலேயே தங்கி, செவுள் மூடி படபடவென்று அடித்தால்தான் கவலை.

எப்போது நடக்கிறது என்று பார்த்தால் காரணம் பாதி தெரிந்துவிடும்.

விடியற்காலையில், அதுவும் ஏப்ரல், மே மாதங்களில் என்றால் ஆக்சிஜன் பற்றாக்குறை. 25 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 32 டிகிரியில் 7.3 தான். சூடு ஏறினால் மீனுக்குத் தேவையும் கூடும், கிடைப்பதோ குறையும். ஏர் ஸ்டோன் ஒன்றைக் கூட்டுங்கள், ஃபில்டர் வாயைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தூக்கி விழவிடுங்கள். மூடியின் பக்கத்தில் ஒரு மேசை விசிறியைத் தண்ணீர் மட்டத்தின் மேல் வீசவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐஸ் கட்டியைப் போடாதீர்கள். இரவுத் தீவனத்தை நிறுத்துங்கள், செரிக்கும் நேரத்தில்தான் மீனுக்கு ஆக்சிஜன் அதிகம் வேண்டும்.

தண்ணீர் மாற்றிய சில நிமிடங்களிலேயே என்றால் குளோரின். லாரித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாசனை மூக்கைத் துளைக்கும் நாட்கள் உண்டு. கடையில் ஹைப்போ என்று கிடைக்கும் சோடியம் தயோசல்பேட் படிகம் 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். 100 லிட்டர் புதுத் தண்ணீருக்கு 10 மில்லி, வாசனை பலமாக இருந்தால் 20 மில்லி. தண்ணீரை ஊற்றுவதற்கு முன்பே கலக்க வேண்டும். மீன் ஏற்கெனவே தவிக்கிறது என்றால் முழுத் தொட்டிக்கும் கணக்கிட்டு உடனே ஊற்றி, ஏர் பம்பை முழு வேகத்தில் விடுங்கள்.

ஏர் ஸ்டோன் கொதிக்கிற மாதிரி ஓடியும் மீன் மூச்சு வாங்குகிறது, செவுள் சிவப்பாக இல்லாமல் பழுப்பேறி இருக்கிறது என்றால் நைட்ரைட். அது ரத்தத்தில் கலந்து ஆக்சிஜன் சுமக்கும் சக்தியைக் கெடுத்துவிடும். சமையல் கல் உப்பு லிட்டருக்கு 1 கிராம், அதாவது 250 லிட்டருக்கு 250 கிராம், வாளித் தண்ணீரில் கரைத்து ஒரு மணி நேரத்தில் மெல்ல ஊற்றுங்கள். உப்பிலுள்ள குளோரைடு செவுள் வழியாக நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும். பிறகு பாதித் தண்ணீர் மாற்றி, எடுத்த அளவுக்கு ஈடான உப்பைச் சேர்த்துவிட்டு, நைட்ரைட் பூஜ்யம் ஆகும்வரை தீவனத்தை நிறுத்துங்கள்.

செவுள் ரத்தச் சிவப்பாக வீங்கி இருந்தால் அமோனியா. புதுத் தொட்டியிலும், ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசிய மறுநாளும் வருவது இதுதான். ஸ்பாஞ்சையும் பீங்கான் வளையங்களையும் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலச வேண்டும். அதில் குடியிருக்கும் பாக்டீரியாவைக் குளோரின் கொன்றுவிட்டால் மறுபடி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும்.

பல மாதம் நன்றாக இருந்த மீன், தண்ணீர் மாற்றியதும் சாய்கிறது

குளோரினும் இல்லை, சூடும் இல்லை. ஆனாலும் பாதித் தண்ணீர் மாற்றிய அன்றே மீன் துடிக்கிறது. 'அடிக்கடி தண்ணீர் மாற்றக் கூடாது' என்ற வீட்டு நம்பிக்கை பிறந்ததே இந்த இடத்தில்தான்.

அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா தண்ணீரிலுள்ள கார்பனேட்டைத் தின்றுகொண்டே இருக்கும். கேஎச் என்று அளப்பது அதைத்தான். தண்ணீர் மாற்றாமல் விட்டால், அல்லது குடிக்கிற ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றிவந்தால், ஒருநாள் கேஎச் தீர்ந்துபோகும். பிஎச் 6-க்குக் கீழே சரியும், பாக்டீரியா வேலையை நிறுத்தும், அமோனியா சேரும். ஆனால் மீன் சாகாது. புளித்த தண்ணீரில் அமோனியா ஏறக்குறைய முழுதும் அம்மோனியம் என்ற தீங்கில்லாத வடிவில் இருக்கும். 30 டிகிரியில் பிஎச் 6 என்றால் மொத்தத்தில் 0.1 சதவீதம்கூட நஞ்சு வடிவில் இல்லை. பிஎச் 8-ல் 7.5 சதவீதம். அங்கே போர்த் தண்ணீரை, அதாவது பிஎச் 8 பக்கம் இருக்கும் கடின நீரை, பாதிக்குப் பாதி ஊற்றினால் பிஎச் ஒரேயடியாகத் தாவும். தேங்கிய அமோனியாவில் பாதி தண்ணீரோடு போனாலும், மிச்சத்தில் விஷமாகும் பங்கு பல மடங்கு ஏறிவிடும். தொட்டிக்குள்ளேயே கிடந்த விஷம் அது, புதுத் தண்ணீர் அதை எழுப்பிவிட்டது.

எனவே நெடுநாள் மாற்றாத தொட்டியில் கை வைக்கும் முன் தொட்டித் தண்ணீரின் பிஎச்சையும் ஊற்றப்போகும் தண்ணீரின் பிஎச்சையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் ஒன்றுக்கு மேல் இருந்தால்:

தீவனத்தை அன்றே நிறுத்துங்கள். காலையில் 10 சதவீதம், மாலையில் 10 சதவீதம் என்று ஒரு வாரம் மாற்றுங்கள். ஃபில்டரில் சியோலைட் கல் அரைக் கிலோ வலைப்பையில் கட்டிப் போடலாம், அமோனியாவைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதே நேரத்தில் உப்புப் போடாதீர்கள், உப்புப் பட்டால் பிடித்ததை எல்லாம் சியோலைட் தண்ணீரிலேயே கக்கிவிடும். அமோனியா பூஜ்யத்துக்கு வந்த பிறகு, உடைத்த பவளக் கல்லை இரண்டு கைப்பிடி அளவு ஃபில்டரில் வைத்துவிட்டால் கேஎச் தாங்கி நிற்கும். ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்றுவேன் என்பவர்கள் அதில் பாதிக்காவது போர் அல்லது மெட்ரோ தண்ணீரைக் கலந்தே ஆக வேண்டும்.

தலையில் குழி விழுகிறது

ஆஸ்கார், ஃபிளவர்ஹார்ன் இரண்டுக்கும் வரும் நோய். முதலில் கண்ணுக்கு மேலே குண்டூசி குத்தின மாதிரி இரண்டு மூன்று புள்ளிகள் தெரியும். அங்கே இயல்பாகவே உணர்வுத் துளைகள் உண்டு. அவை சமமாக, ஓரம் வழுவழுப்பாக இருந்தால் நோயில்லை. ஓரம் வெளிறி, உள்ளே வெண்ணெய் போன்ற கசிவு தெரிந்தால்தான் நோய்.

குடலில் வாழும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி ஒரு காரணம். நைட்ரேட் ஏறிய தண்ணீரும், கோழி ஈரல், மாட்டிதயம் என்று ஒரே வகைத் தீனியும் அதற்கு வழி திறந்துவிடுகின்றன. ஆகவே முதல் வாரம் மருந்து வேண்டாம். ஒன்று விட்டு ஒரு நாள் 40 சதவீதத் தண்ணீர் மாற்றி நைட்ரேட்டை 20-க்குக் கீழே கொண்டுவாருங்கள். ஃபில்டரில் கார்பன் கரி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். தீனியை நல்ல பெல்லட்டுக்கும், ஓட்டோடு நறுக்கிய இறாலுக்கும் மாற்றுங்கள். ஆரம்பக் குழிகள் இதிலேயே மூடத் தொடங்கும்.

குழி பெரிதாகிறது, மலம் வெள்ளை நூலாகத் தொங்குகிறது என்றால் மெட்ரோனிடசோல். 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்று 40 லிட்டருக்கு, பொடித்துக் கரைத்து ஊற்றுங்கள். ஒன்று விட்டு ஒரு நாளாக மூன்று முறை, ஒவ்வொரு முறையும் முன்னதாக கால் பங்குத் தண்ணீர் மாற்றுங்கள். குழி மூடினாலும் தழும்பு நிற்கும். அதைப் பார்த்து நோய் திரும்பிவிட்டதென்று மறுபடி மருந்து போடுகிறவர்கள் நிறைய.

சாப்பிட மறுக்கிறது

ஆஸ்கார் கோபித்துக்கொள்ளும். தொட்டி அலங்காரத்தை மாற்றினால், தண்ணீர் மாற்றினால், கூட இருந்த மீனை எடுத்தால் ஒருக்களித்துத் தரையில் படுத்துக் கிடக்கும். செவுள் நிதானமாக அடித்து, நிறம் மங்காமல் இருந்தால் மூன்று நாள் விட்டுவிடுங்கள். பத்து அங்குல மீன் இரண்டு வாரம் பட்டினி கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. அதற்குள் தங்கமீன் வாங்கிப் போட்டு ஆசை காட்டாதீர்கள். தங்கமீன் உடலில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் நொதி உண்டு, தொற்றும் கூடவே வரும். அந்த ருசி பட்டால் மீன் பெல்லட்டைத் திரும்பியும் பார்க்காது.

டிசம்பர், ஜனவரியில் தண்ணீர் 23 டிகிரிக்குக் கீழே போனால் சார்க்கும் பாக்குவும் தாமாகவே குறைத்துக்கொள்ளும். ஹீட்டர் போட்டால் லிட்டருக்கு ஒரு வாட் கணக்கு. கண்ணாடி ஹீட்டருக்கு பிளாஸ்டிக் கூண்டு கட்டாயம், ஆஸ்கார் அதை வாலால் அடித்தே உடைத்துவிடும்.

வயிறு ஒரு பக்கம் மட்டும் கட்டியாகத் தெரிந்தால் எதையோ விழுங்கியிருக்கிறது. ரெட் டெயில் கெளுத்தி வாயில் நுழைவதை எல்லாம் விழுங்கும்: கூழாங்கல், உறிஞ்சு கப், சின்ன ஹீட்டர். பெரும்பாலும் சில நாளில் தானே கக்கிவிடும். இதனால்தான் பெருமீன் தொட்டியில் தரை வெறுமையாக இருப்பது நல்லது. கல் வேண்டுமென்றால் மீனின் தலையைவிடப் பெரிய கல்.

இரண்டு பக்கமும் சமமாக உப்பி, செதில் இன்னும் படிந்தே இருந்தால் தீவனம் நிறுத்தி, 20 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பு. செதில்கள் சிலிர்த்து நின்றுவிட்டால் பிழைப்பது அரிது.

உடம்பில் ரவை தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி

சென்னை வெயில் காலத்தில் தண்ணீர் 30 டிகிரி இருப்பதால் அவ்வளவாக வராது. மழைக்கால முடிவில், இரவில் தண்ணீர் குளிர்ந்து பகலில் ஏறும் நாட்களில் வரும். ஹீட்டரில் மெதுவாக 30 டிகிரிக்கு ஏற்றுங்கள். கல் உப்பை இரண்டு நாளில் லிட்டருக்கு 2 கிராம் அளவுக்குக் கொண்டுவாருங்கள். தினமும் தரையை உறிஞ்சிச் சுத்தம் செய்யுங்கள், ஒட்டுண்ணி அங்கேதான் பெருகுகிறது. மருந்து பிடிப்பது அது தண்ணீரில் நீந்தும் சமயத்தில் மட்டுமே, தோலுக்கடியில் இருக்கும்போது ஒன்றும் செய்யாது. அதனால் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடர வேண்டும். செதில் இல்லாத சார்க், ரெட் டெயில் என்றால் உப்பு 1 கிராமோடு நிறுத்துங்கள். மாலகைட் கிரீன் போட்டே ஆக வேண்டுமென்றால் பாட்டிலில் எழுதியதில் பாதி.

மூக்கு சிதைகிறது, கண் தொங்குகிறது, செவுள் மூடி வெளியே சுருள்கிறது

மூன்றுக்கும் பெரும்பாலும் இடப்பற்றாக்குறைதான் வேர்.

சார்க் திடுக்கிட்டால் நேராகப் பாயும், கண்ணாடியில் மோதும். இரவில் விளக்கைச் சட்டென்று போடாதீர்கள், தொட்டியின் முதுகிலும் பக்கங்களிலும் கருப்புத் தாள் ஒட்டுங்கள். புண்ணுக்கு லிட்டருக்கு 1 கிராம் உப்பு போதும். ஆனால் நான்கடித் தொட்டியில் இரண்டடிச் சார்க் மோதாமல் திரும்பவே முடியாது.

அரோவானாவின் கண் கீழ்நோக்கித் தொங்குவதற்குக் காரணம் எது என்பதில் வளர்ப்பவர்களுக்குள்ளேயே சண்டை. கீழே உள்ள தீனியையும் பிரதிபலிப்பையும் பார்ப்பது என்கிறார்கள் சிலர், கொழுப்புத் தீனி என்கிறார்கள் சிலர். மிதக்கும் தீனி மட்டும் கொடுப்பது, தரைக் கண்ணாடிக்கு அடியில் கருப்பு விரிப்பு, மேலே இரண்டு டேபிள் டென்னிஸ் பந்து மிதக்கவிடுவது எல்லாம் தடுப்புக்கு உதவலாம். விழுந்த கண்ணை நிமிர்த்துவது கடினம். மீனுக்கு அதனால் உயிராபத்து இல்லை.

செவுள் மூடியின் மெல்லிய ஓரம் சுருளத் தொடங்கினால் அவசரம். அந்தக் கட்டத்தில் அடிக்கடி தண்ணீர் மாற்றி, பவர்ஹெட் (தண்ணீருக்குள் ஓடும் சிறு பம்பு) வைத்து நீரோட்டம் கொடுத்தால் படிந்துவிடலாம். கெட்டி எலும்பும் மடங்கிவிட்டால் மயக்கம் கொடுத்து ஓரத்தை வெட்ட வேண்டும், அது அனுபவப்பட்ட கையின் வேலை.

வளர்ச்சி நின்றுவிட்டது

'தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும்' என்று விற்பவர் சொல்வார். நைட்ரேட் ஏறிய தண்ணீரில் மீன் குன்றிப்போகும் என்பதுதான் அதிலுள்ள உண்மை. உடம்புக்குப் பொருந்தாமல் கண் பெரிதாகத் தெரியும், முதுகு கூன் விழும், நெற்றி ஒடுங்கும். ஆறு மாதத்துக்குள் பெரிய தொட்டிக்கு மாற்றினால் ஓரளவு எட்டிப்பிடிக்கும், கூன் நிமிராது. குஞ்சுக்கு நாளுக்கு மூன்று வேளை, இரண்டு நிமிடத்தில் தீரும் அளவு போடலாம். எட்டு அங்குலம் தாண்டியதும் ஒரே வேளை, வாரத்தில் ஒருநாள் விரதம்.

கரன்ட் போய் வந்த பிறகு நாற்றம்

கேனிஸ்டர் ஃபில்டர் மூடிய டப்பா. இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா அழுகத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் அந்தத் தண்ணீர் தொட்டிக்குள் பாயும். நெடுநேரம் நின்றிருந்தால் குழாயைக் கழற்றி, உள்ளிருக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பிறகு ஓடவிடுங்கள். ஏர் பம்பை மட்டும் இன்வெர்ட்டரில் கொடுத்துவிட்டால் மீன் தாக்குப்பிடிக்கும். ஃபில்டர் பம்பு வாங்கும்போது மணிக்குத் தொட்டியின் ஆறு முதல் எட்டு மடங்கு என்று கணக்கு வையுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் உயரம் ஏற்றாதபோது உள்ள அளவு. கீழே இருக்கும் தொட்டியிலிருந்து நான்கடி ஏற்றினால் பாதியாகக்கூட இறங்கும்.

தண்ணீர் பால் போலக் கலங்கினால் தீவனம் அதிகம், பாக்டீரியா பெருக்கம். இரண்டு நாள் தீனி நிறுத்துங்கள். பச்சையாக இருந்தால் வெயில்.

இனி இந்தத் தொட்டி பத்தாது

தொட்டியின் அகலம் மீனின் முழு நீளமாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது திரும்ப முடியாது. ஓர் ஆஸ்காருக்கு 4 × 1.5 × 1.5 அடி குறைந்தபட்சம், ஜோடிக்கு 6 × 2 × 2. வெள்ளி அரோவானாவுக்கு எட்டடி நீளம், மூன்றடி அகலம், கனமான பூட்டுமூடி. சார்க், ரெட் டெயில், பாக்கு மூன்றும் சிமென்ட் குளத்து மீன்கள், வீட்டுக் கண்ணாடித் தொட்டி எதுவும் பத்தாது. 680 லிட்டர் தொட்டி ஸ்டாண்டோடு 850 கிலோவைத் தாண்டும். மாடி வீட்டில் நடு ஹாலில் வைக்காமல், பீம் ஓடும் சுவரோரம் வைத்து, கட்டிடப் பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கொடுத்துவிட முடிவு செய்தால் கடைக்காரர், பண்ணை, குளம் வைத்திருப்பவர் என்று கேட்டுப் பாருங்கள். ஏரியில் மட்டும் விடாதீர்கள். அலிகேட்டர் கார் என்ற முதலைவாய் மீன் 2023-ல் காஷ்மீரின் டால் ஏரியில் பிடிபட்டது. கண்ணாடியைச் சுத்தம் செய்ய வாங்கும் டேங்க் கிளீனர் கெளுத்தி நம்மூர் ஏரிகளில் பெருகி மீனவர்களின் வலையைக் கிழிக்கிறது.

எடுத்துப்போகும் நாளுக்கு முன் இரண்டு நாள் பட்டினி போடுங்கள், பைக்குள் கழிவு போகாது. கெளுத்தியை வலையில் பிடிக்காதீர்கள், மார்புத் துடுப்பின் முள் வலையில் மாட்டினால் வலையை வெட்டித்தான் எடுக்க வேண்டும். தண்ணீரை ஓரடிக்கு இறக்கி, தடித்த பெரிய பிளாஸ்டிக் பையைத் தண்ணீருக்குள்ளேயே விரித்து, மீனை அதன் வாய்க்கு மெதுவாக ஓட்டி, தண்ணீரோடு சேர்த்துத் தூக்க வேண்டும். அரோவானாவுக்கும் இதே முறை. பை இரட்டையாக, தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு, மீதி ஆக்சிஜன். பையை நிற்கவைக்காமல் தெர்மோகோல் பெட்டியில் படுக்கப்போட்டு மூடுங்கள்.